விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு கேமின் வேகம் மாறுவது ஏன்?

கேள்வி இது: "புராசஸர் அதேதான், கிராஃபிக்ஸ் கார்டும் அதேதான், கேமிலும் எதையும் மாற்றவில்லை. ஆனால் விண்டோஸ் அப்டேட் ஆன பிறகு ஃபிரேம் குறைந்துவிட்டது. ஒரு அப்டேட்டால் புராசஸரின் வேகத்தை உண்மையிலேயே மாற்ற முடியுமா, இல்லை இது வெறும் பிரமையா?"

மாற்ற முடியும். குறைக்கவும் முடியும், கூட்டவும் முடியும். அதே சமயம், அப்டேட்மேல் போடப்படும் பழிகளில் கணிசமானவற்றுக்கும் புராசஸருக்கும் சம்பந்தமே இருக்காது. எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சிப் மாறுவதில்லை. ஆனால் எந்தக் கேமும் சிப்பைத் தன் இஷ்டத்துக்கு ஆள்வதில்லை. எந்த வேலை எந்தக் கோரில் (புராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் அலகு) ஓடவேண்டும், அந்தக் கோர் எப்போது வேகமெடுக்கவேண்டும், ஒரு நிரல் இன்னொன்றின் நினைவகத்தைத் தொட்டுவிடாதபடி எத்தனை வேலி போடவேண்டும் என்பதிலெல்லாம் இயங்குதளத்தின் கை இருக்கிறது. அப்டேட் திருத்துவதும் பெரும்பாலும் இவற்றைத்தான்.

அதற்கு முன் ஒரு கணக்கு. விநாடிக்கு 144 ஃபிரேம், அதாவது 144 படங்கள், வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 6.9 மில்லி விநாடி. 240 ஃபிரேம் என்றால் 4.2 தான். புராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் ஆளுக்கொரு பங்கு வேலை செய்கின்றன. இரண்டில் யார் மெதுவோ அவர்தான் ஃபிரேமைத் தீர்மானிக்கிறார். 4கே தெளிவில் எல்லா அமைப்பையும் உச்சத்தில் வைத்து விளையாடுபவரின் கிராஃபிக்ஸ் கார்டு முழு மூச்சில் ஓடிக்கொண்டிருக்கும், புராசஸர் பாதி நேரம் அதற்காகக் காத்திருக்கும். அவருடைய புராசஸர் 10 சதவீதம் மெதுவானாலும் திரையில் எதுவும் தெரியாது. 1080பியில் எல்லாவற்றையும் குறைத்துவைத்துப் போட்டி ஷூட்டர் விளையாடுபவருக்கோ அந்த 10 சதவீதம் அப்படியே ஃபிரேமில் இறங்கும். ஒரே அப்டேட்டைப் போட்ட இருவரில் ஒருவர் "நாசமாகிவிட்டது" என்றும் மற்றவர் "ஒன்றுமே இல்லையே" என்றும் சொல்வது இதனால்தான். இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

சரி, முதலில் ஷெட்யூலர். எந்த த்ரெட், அதாவது ஒரு நிரலின் எந்த வேலைச் சரம், எந்தக் கோரில் ஓடும் என்று முடிவு செய்யும் விண்டோஸின் பகுதி இது. எல்லாக் கோரும் ஒரே மாதிரி இருந்த காலத்தில் இதன் வேலை எளிது. 2011-இல் ஏஎம்டியின் புல்டோசர் வந்தபோதே சிக்கல் தொடங்கிவிட்டது. அதில் இரண்டிரண்டு கோர்கள் ஒரு தொகுதியாகச் சேர்ந்து சில பாகங்களைப் பகிர்ந்துகொண்டன. விண்டோஸ் 7-க்கு அது தெரியாது. பிறகு அதற்கெனத் தனித் திருத்தம் வெளியானது, ஆனால் கிடைத்த பலன் சொற்பம். புல்டோசரின் அடிப்படைப் பலவீனத்தை எந்த அப்டேட்டும் தீர்த்திருக்க முடியாது.

ஏஎம்டியின் ரைசன் சிப்கள் வந்ததும் இதே பிரச்சினை வேறு உருவில் வந்தது. முதல் தலைமுறைகளில் நான்கு நான்கு கோர்கள் ஒரு கூட்டம், ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி எல்3 கேஷ் (அடிக்கடி தேவைப்படும் தரவைக் கோர்களுக்கு அருகிலேயே வைத்திருக்கும் சிறு நினைவகம்). கேமின் ஒரு த்ரெட்டை இந்தக் கூட்டத்திலிருந்து அந்தக் கூட்டத்துக்கு மாற்றினால், அதற்குத் தேவையான தரவு பழைய கேஷிலேயே கிடக்கும். ஒரே அணியில் வேலை செய்பவர்களில் ஒருவரை மட்டும் வேறு மாடிக்கு அனுப்பிவிட்டு, ஒவ்வொரு காகிதத்துக்கும் படியேறி இறங்கச் சொல்வது போல. 2019 மே மாதம் வந்த விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பு இந்த அமைப்பைப் புரிந்துகொண்டு, முடிந்தவரை ஒரே கூட்டத்துக்குள் த்ரெட்டுகளை வைக்கக் கற்றுக்கொண்டது.

அதே பதிப்பில் இன்னொரு மாற்றமும் இருந்தது, அதைப் பலர் கவனிக்கவில்லை. சும்மா இருக்கும் கோர் முழு வேகத்துக்கு எழும்ப முன்பு சுமார் 30 மில்லி விநாடி ஆகும். ரைசனின் சென் 2 தலைமுறைச் சிப்களில், பயாஸும் (மதர்போர்டில் உள்ள அடிப்படை மென்பொருள்) ஒத்துழைத்தால், அது 1 முதல் 2 மில்லி விநாடியாகக் குறைந்தது. 60 ஃபிரேமில் ஓடும் கேமுக்கு 30 மில்லி விநாடி என்பது கிட்டத்தட்ட இரண்டு ஃபிரேம். சராசரி எண்ணில் இது பெரிதாகத் தெரியாது. திடீரென்று வேலை கூடும் இடங்களில் வரும் சின்னச் சின்ன தடுமாற்றம்தான் குறையும்.

இப்போது எதிர்த்திசையில் நடந்த ஒன்று. 2021 அக்டோபர் 5-ஆம் தேதி விண்டோஸ் 11 வெளியானது. ரைசன் கணினிகளில் எல்3 கேஷின் தாமதம் ஏறக்குறைய மூன்று மடங்கு வரை ஏறலாம் என்று ஏஎம்டியே அறிவித்தது. பாதிக்கப்படும் மென்பொருள்களில் 3 முதல் 5 சதவீதமும், போட்டிக் கேம்கள் சிலவற்றில் 10 முதல் 15 சதவீதமும் இழப்பு இருக்கலாம் என்று அவர்களே எண் கொடுத்தார்கள். கூடவே, சிப்பின் மிக வேகமான கோருக்கு வேலையை முன்னுரிமையோடு அனுப்பும் வசதியும் சரியாக இயங்கவில்லை. அடுத்த வாரம் வந்த மாதாந்திர அப்டேட்டுக்குப் பிறகு கேஷ் தாமதம் இன்னும் மோசமானதாகச் சோதனைகள் காட்டின. அக்டோபர் 21 அன்று வந்த விண்டோஸ் அப்டேட் கேஷ் பிரச்சினையையும், ஏஎம்டியின் புதிய சிப்செட் டிரைவர் (மதர்போர்டையும் புராசஸரையும் விண்டோஸ் சரியாகக் கையாள உதவும் மென்பொருள்) கோர் தேர்வுப் பிரச்சினையையும் தீர்த்தன. இரண்டில் ஒன்றை மட்டும் போட்டவர்களுக்குப் பாதித் தீர்வுதான் கிடைத்தது. விண்டோஸ் அப்டேட்டை மட்டும் பார்த்துக்கொண்டு சிப்செட் டிரைவரை மறந்துவிடுவது இன்றும் சகஜம்.

2024-இல் கதை தலைகீழ். ஏஎம்டியின் சென் 5 சிப்கள் ஆகஸ்டில் வந்தன. நிறுவனம் சொன்ன கேம் வேகம் விமர்சகர்களின் சோதனையில் வரவில்லை. ஏஎம்டி சொன்ன காரணங்களில் ஒன்று சுவாரசியமானது: அவர்களுடைய சோதனைகள் விண்டோஸின் நிர்வாகி முறையில் ஓடியிருந்தன, சாதாரணப் பயனர் கணக்கில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. கிளைக் கணிப்பு தொடர்பான மேம்பாடு விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் எல்லோருக்கும் வருகிறது என்றார்கள். நிரலில் "இப்படியானால் இங்கே போ, இல்லாவிட்டால் அங்கே போ" என்று வரும் இடங்களில் புராசஸர் பதில் தெரியும்வரை காத்திராமல் ஊகித்து முன்னே ஓடும். அதுதான் கிளைக் கணிப்பு. கேம் நிரல்கள் இத்தகைய கிளைகளால் நிரம்பியவை, அதனால் இதில் சிறு மாற்றமும் தெரியும். பிறகு அதே மேம்பாடு 23எச்2 பதிப்புக்கும் ஆகஸ்ட் இறுதியில் விருப்ப அப்டேட்டாக வந்தது. பழைய சென் 3, சென் 4 வைத்திருந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. காசு செலவழிக்காமல், ஒரு அப்டேட்டால் மட்டும் புராசஸர் வேகம் கூடியதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்டெல் பக்கமும் இப்படித்தான். 2021 நவம்பரில் வந்த ஆல்டர் லேக் முதல், வேகமான கோர்களும் சிக்கனமான கோர்களும் ஒரே சிப்பில் இருக்கின்றன. எந்த த்ரெட் எவ்வளவு கனமானது என்று சிப்பே விண்டோஸுக்குக் குறிப்பு கொடுக்கும். அந்தக் குறிப்பை முழுதாகப் பயன்படுத்தத் தெரிந்தது விண்டோஸ் 11-க்குத்தான். 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200எஸ் சிப்கள் கேம்களில் எதிர்பார்ப்புக்கும் கீழே போனபோது, அந்தச் சிப்புக்கான மின்மேலாண்மைத் தொகுப்பு விண்டோஸில் உரிய நேரத்தில் சேரவில்லை என்று இன்டெல் பின்னர் விளக்கியது. அதனால் 6 முதல் 30 சதவீதம் வரை இழப்பு நேர்ந்திருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. அப்படி இருந்தும், எல்லாத் திருத்தமும் வந்த பிறகுகூட அந்தச் சிப் கேம்களில் முதலிடத்துக்கு வரவில்லை. புதிய சிப்பின் முதல் மாதச் சோதனை முடிவுகளைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே சமயம், "அப்டேட் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று நம்பி வாங்கவும் வேண்டாம்.

ஷெட்யூலர் விஷயத்தில் இன்னும் ஒன்று. ரைசன் 7950எக்ஸ்3டி போன்ற 16 கோர் சிப்பில் எட்டுக் கோர்களுக்கு மட்டுமே கூடுதல் கேஷ் உண்டு. கேம் அந்த எட்டில் ஓடினால்தான் பலன். "இப்போது ஓடுவது ஒரு கேம்" என்பதை விண்டோஸ் எப்படி அறிகிறது? கேம் பார் என்ற நிரல் வழியாக. வேண்டாத குப்பை என்று கேம் பாரை நீக்கிவிட்டு, பிறகு கேம் தப்பான கோர்களில் ஓடுகிறது என்று விண்டோஸைத் திட்டுபவர்கள் உண்டு. கணினியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ஸ்கிரிப்டுகளை இந்தச் சிப்களில் ஓட்டாதீர்கள்.

அடுத்து, வேலிகள். 2018 ஜனவரித் தொடக்கத்தில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற புராசஸர் பாதுகாப்புக் குறைகள் வெளியானபோது "உங்கள் புராசஸர் 30 சதவீதம் மெதுவாகப் போகிறது" என்ற பயம் பரவியது. மெல்ட்டவுனுக்கான தீர்வு, இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் நினைவக வரைபடத்தைப் பயனர் நிரல்களிடமிருந்து பிரித்து வைப்பது. இதனால் ஒரு நிரல் கெர்னலை அழைக்கும் ஒவ்வொரு முறையும் வரைபடத்தை மாற்றும் செலவு சேர்ந்தது. வட்டிலிருந்து படிப்பது, வலையமைப்பில் அனுப்புவது என்று ஓயாமல் கெர்னலை அழைக்கும் சர்வர்களுக்குத்தான் பலத்த அடி. ஃபோர்ட்நைட் கேமை நடத்தும் எபிக் கேம்ஸ், பேட்ச் போட்டபின் தன் சர்வர் ஒன்றின் புராசஸர் பயன்பாடு எப்படித் தாவியது என்று அப்போது வரைபடமே வெளியிட்டது.

வீட்டில் விளையாடுபவருக்குப் பாதிப்பு குறைவாக இருந்ததற்குக் காரணம் எளிது: கேம் தன் நேரத்தில் பெரும்பங்கைத் தன் சொந்தக் கணக்குகளில் செலவிடுகிறது, கெர்னலை அடிக்கடி அழைப்பதில்லை. ஆனால் பழைய சிப்களின் நிலை வேறு. இன்டெல்லின் ஆறாம் தலைமுறை முதல் ஒற்றை இலக்க சதவீத இழப்புதான் இருக்கும் என்றும், நான்காம் தலைமுறையும் அதற்கு முந்தையவையும் கூடுதலாகப் பாதிக்கப்படும் என்றும் மைக்ரோசாஃப்ட் அந்த மாதமே சொன்னது. கேமை விளையாட அல்ல, திறக்கவும் புதிய பகுதியை ஏற்றவும் ஆகும் நேரத்தில்தான் அது அதிகம் தெரியும்.

இன்று கேமர்களைத் தொடும் வேலி வேறு. மெமரி இன்டக்ரிட்டி என்று அமைப்புகளில் பார்த்திருப்பீர்கள். கெர்னலுக்குள் போகும் நிரல்களை மெய்நிகராக்கம் கொண்டு தனியே சரிபார்க்கும் பாதுகாப்பு அது. புதிதாக விண்டோஸ் 11-உடன் வரும் கணினிகளில் இது பெரும்பாலும் முதலிலேயே இயங்கிக்கொண்டிருக்கும். விண்டோஸ் 10-இலிருந்து மேம்படுத்திய கணினியில் அணைந்தே இருந்திருக்கலாம். எனவே சுத்தமாக மறுநிறுவல் செய்தவர் "புதிய பதிப்பு மெதுவாக இருக்கிறது" என்று உணர்ந்தால் இதை முதலில் பார்க்கவேண்டும். இன்டெல்லின் ஏழாம் தலைமுறை, ஏஎம்டியின் சென் 2 முதல் இதற்கு வன்பொருள் உதவி இருக்கிறது. அதற்கு முந்தைய சிப்களில் அதே வேலையை மென்பொருளால் செய்யவேண்டியிருப்பதால் செலவு அதிகம். கேம் வேகம் வேண்டுமென்றால் இதைத் தற்காலிகமாக அணைக்கலாம் என்று மைக்ரோசாஃப்டே 2022-இல் வழி சொன்னது, விளையாடி முடித்தபின் திரும்பப் போடுங்கள் என்ற எச்சரிக்கையோடு. என் கருத்து: புதிய சிப் வைத்திருப்பவர் இதைத் தொடவே வேண்டாம். பழைய சிப் வைத்திருப்பவர் அளந்து பார்த்து, வித்தியாசம் கண்ணில் பட்டால் மட்டும் யோசிக்கட்டும். ஏமாற்றுத் தடுப்பு நிரல்கள் சில, கணினியில் குறிப்பிட்ட பாதுகாப்பு வசதிகள் இயங்கினால்தான் கேமையே திறக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

டைமர் பற்றிச் சுருக்கமாக. விண்டோஸின் இயல்பான டைமர் துடிப்பு சுமார் 15.6 மில்லி விநாடிக்கு ஒருமுறை. கேம்கள் 1 மில்லி விநாடி வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளும். முன்பு யாராவது ஒரு நிரல் கேட்டால் முழுக் கணினிக்கும் அது கிடைத்தது. 2020 மே மாதம் வந்த, விண்டோஸ் 10-இன் 2004 என்ற எண் கொண்ட பதிப்பிலிருந்து கேட்ட நிரலுக்கு மட்டும். பின்னணியில் பிரவுசர் திறந்திருந்த தயவில் சீராக ஓடிய ஏதாவது பழைய கேம், அந்தப் பதிப்புக்குப் பின் சற்றே தள்ளாடினால் காரணம் இங்கே இருக்கலாம்.

லினக்ஸில் விளையாடுபவர்களுக்கும் இதே பாடுதான். கெர்னல் 5.19-இல், கேஷ் வரியின் (கேஷ் ஒரே தடவையில் கையாளும் துண்டு) எல்லையைத் தாண்டி நினைவகத்தைப் பூட்டும் நிரல்களை வேண்டுமென்றே மெதுவாக்கும் மாற்றம் வந்தது. அத்தகைய பூட்டு மற்ற எல்லாக் கோர்களையும் நிறுத்திவைக்கும் என்பதால் அது ஒரு தண்டனை. விண்டோஸுக்காக எழுதப்பட்டு, அத்தகைய கேம்களை லினக்ஸில் ஓட்டவைக்கும் புரோட்டான் வழியாக ஓடிய காட் ஆஃப் வார் கேம் அதில் மாட்டிக்கொண்டு நொண்டியது. 6.2-இல் அந்தத் தண்டனையை அணைக்க ஒரு வழி கொடுத்தார்கள். 2025 மார்ச்சில் வந்த 6.14-இல், விண்டோஸ் கேம்களின் த்ரெட் ஒருங்கிணைப்பை கெர்னலிலேயே கையாளும் என்டிசிங்க் டிரைவர் முழுமையானது. புராசஸரில் சிக்கித் தவித்த கேம்கள் சிலவற்றுக்கு அது வரப்பிரசாதம்.

அப்புறம், புராசஸர் நிரபராதியாக இருக்கும் வழக்குகள். 2021 மார்ச், ஏப்ரல் அப்டேட்டுகளுக்குப் பின் சிலருக்குக் கேம் வேகம் குறைந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மானிட்டர்களோடு முழுத்திரையில் விளையாடியவர்கள். மைக்ரோசாஃப்ட் அந்த மாற்றத்தை மட்டும் தொலைவிலிருந்தே திரும்பப் பெற்றது. 2025 அக்டோபர் மாத விண்டோஸ் 11 அப்டேட்டுக்குப் பின் சில கேம்களில் வேகம் குறைந்தபோது, அடுத்த மாதம் தீர்வாக வந்தது என்விடியாவின் அவசர டிரைவர். இரண்டு இடத்திலும் "சிபியு போச்சு" என்று முடிவுகட்டியவர்கள் தப்பான இடத்தில் தேடினார்கள்.

உங்கள் கணினியில் என்ன நடந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அப்டேட் முடிந்த அன்றே தீர்ப்பு எழுதாதீர்கள். பின்னணியில் தேடல் பட்டியல் மீண்டும் உருவாகும், டிஃபெண்டர் ஸ்கேன் செய்யும். கூடவே கிராஃபிக்ஸ் டிரைவரும் மாறியிருந்தால் ஷேடர்கள் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) மறுபடி தயாராகும், அதுவரை முதல் சில ஆட்டங்கள் தடுமாறத்தான் செய்யும். ஓரிரு நாள் சாதாரணமாகப் பயன்படுத்திவிட்டு அளந்து பாருங்கள்.

அளக்கும்போது கேமின் தெளிவை 720பி அல்லது 1080பிக்குக் குறைத்து, கிராஃபிக்ஸ் அமைப்புகளையும் இறக்கிவிடுங்கள். அப்போதும் ஃபிரேம் கூடாமல் பழைய எண்ணிலேயே நின்றால் தடை பெரும்பாலும் புராசஸர் பக்கம். நன்றாகக் கூடினால் தடை கிராஃபிக்ஸ் கார்டு, டிரைவரைப் பாருங்கள். ஒரே காட்சியை, முடிந்தால் கேமிலேயே உள்ள சோதனையை, மூன்று முறையாவது ஓட்டுங்கள். முடிவுகள் தமக்குள்ளேயே 3 சதவீதம் ஆடினால், அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள 2 சதவீத வித்தியாசத்துக்கு அர்த்தமில்லை. சராசரியைவிட 1 சதவீதக் கீழ் எண்ணை, அதாவது மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களின் வேகத்தை, கவனியுங்கள்; ஷெட்யூலர் கோளாறுகள் முதலில் அங்கேதான் தெரியும். பிரசன்ட்மான், கேப்ஃபிரேம்எக்ஸ் இரண்டுமே இலவசம், இரண்டும் ஃபிரேம் நேரத்தைப் பதிவு செய்யும். புராசஸர் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் நிரலின் எண் மாறவில்லை என்பதை மட்டும் ஆதாரமாக எடுக்காதீர்கள். அது எல்லாக் கோரையும் சீராக வேலை வாங்கும். கேஷ் தாமதமோ கோர் தேர்வோ கெட்டிருந்தாலும் அதில் தெரியாமல் போகலாம்.

புராசஸர்தான் என்று உறுதியானால், சிப்செட் டிரைவர், மின்திட்டம், மெமரி இன்டக்ரிட்டி, ரைசன் எக்ஸ்3டி என்றால் கேம் பார், இவற்றை இந்த வரிசையிலேயே பாருங்கள். ஒன்றும் பலிக்கவில்லை என்றால் மாதாந்திர அப்டேட்டை வரலாற்றுப் பக்கத்திலிருந்து நீக்கலாம். பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் பழையதற்குத் திரும்ப வழக்கமாக 10 நாள்தான் அவகாசம், அதற்குள் முடிவெடுக்கவேண்டும். மாதக் கடைசியில் வரும் விருப்ப அப்டேட்டுகள் அடிப்படையில் முன்னோட்டங்கள். உங்கள் சிப்புக்கான திருத்தம் அதில் இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போடுங்கள். ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பைச் சில வாரம் தள்ளிப்போடுவதில் தப்பில்லை. மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டை ஃபிரேமுக்காக மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் மிச்சமாகும் வேகம் பெரும்பாலும் அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடும்.

பயாஸையும் சேர்த்துப் புதுப்பித்தீர்கள் என்றால் ஒன்றை மறக்காமல் பாருங்கள்: அது பல போர்டுகளில் ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை அழித்துவிடும். 6000-இல் ஓடிய டிடிஆர்5 ரேம் சத்தமில்லாமல் 4800-க்கு இறங்கியிருக்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தாலே வேகம் தெரியும். அங்கே எண் குறைந்திருந்தால், விண்டோஸைத் தொடும் முன் பயாஸுக்குள் போய் அதைத் திரும்பப் போடுங்கள்.